மாதா உடுத்தாத சேலை

பாரம்பரியம் என்ற சொல்லை யாராவது எடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் வயசுக்காரிகளே, உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். முப்பதைத் தாண்டியதுமே காதோரம் நரை எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது, மாடி ஏறினால் முட்டி பேசுகிறது. இந்த லட்சணத்தில் பொங்கலுக்கு முந்தின நாள் ஆபீசிலிருந்து மெசேஜ் வருகிறது, நாளைக்கு எல்லோரும் பாரம்பரிய உடையில் வரவேண்டுமாம். யாருடைய பாரம்பரியம், எந்த வருஷத்தது என்று கேட்டேன். அந்தச் சின்னப் பெண் சிரித்துவிட்டு, "சேலை கட்டிட்டு வாங்க மேடம், அவ்ளோதான்" என்றாள். அவ்வளவுதானாம். எங்கள் வீட்டில் ஒரு சேலை பட்ட பாடு அவளுக்கு எங்கே தெரியும்? உங்களுக்குச் சொல்கிறேன், கேளுங்கள்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் வீடு கடலூர் முதுநகர்ப் பக்கம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், "ஒரு போட்டுக்கு ஐஸ் ஏத்திவுட்டுட்டு வந்துடறேன், இட்லிய மூடி வை" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிப் போனார். நானும் அம்மாவும் காலைப் பூசைக்குப் போயிருந்தோம். பூசை முடிந்து முற்றத்தில் நின்றபோதுதான் கடல் உள்ளே வருகிறது என்று ஆட்கள் ஓடிவந்தார்கள். எல்லோரும் கோயிலுக்குள் திரும்பி ஓடி, பாட்டுக்காரர்கள் நிற்கும் மாடியில் ஏறினார்கள். அம்மா ஏறவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு மாதா சுரூபத்தின், அந்தச் சிலையின், முன்னால் போய் நின்றாள்.

"அவரக் கொண்டாந்து வுட்டுடும்மா. என் கூறைப்புடவைய உனக்கு உடுத்துறேன். நீ உடுத்துற வரைக்கும் எனக்குப் பட்டு வேணாம்."

இதைச் சத்தமாகத்தான் சொன்னாள். அந்தக் கூச்சலில் கேட்டது நான் மட்டும்தான். மத்தியானம் அப்பா வந்தார். கழுத்துவரை சேறு, ஒரு காலில் மட்டும் செருப்பு. எங்கள் தெருவில் வராமலே போனவர்களும் உண்டு, அவர்களைப் பற்றி இங்கே பேச எனக்கு வாய் வரவில்லை. அன்று சாயங்காலம் அம்மா என் தலையைத் துவட்டிக்கொண்டே, "நேர்த்திய வெளிய சொன்னா பலிக்காது. அப்பாக்கிட்ட கூட மூச்சு வுடக் கூடாது" என்றாள். நானும் விடவில்லை.

அதற்குப் பிறகு லாரி லாரியாகத் துணி வந்தது. உங்களில் கடற்கரைப் பக்கம் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூட மைதானத்தில் மலைபோலக் கொட்டினார்கள். கம்பளிக் கோட்டு, கழுத்தில் முடி வைத்த ஜாக்கெட்டு, யாரோ மாப்பிள்ளை போட்டுக் கழித்த கோட்டு சூட்டு, கிழிந்த ஜீன்ஸ். மீன்காரப் பெண்கள் வந்து பார்த்தார்கள், காலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். கொண்டுவந்தவர்கள், "இல்லாத நேரத்துலயும் திமிரப் பாரு" என்றார்கள். அடுத்தவர் என்ன உடுத்த வேண்டும் என்று லாரியில் ஏற்றும்போதே முடிவு செய்துவிட்டு வந்தவர்களின் திமிரைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்தக் குவியல் மழையில் நனைந்து, அந்த நாற்றம் வெகுநாள் எங்கள் வகுப்பறைக்குள் வந்தது. புழுங்கின கம்பளி நாற்றம். இப்போதும் யாராவது பழைய துணியை மூட்டை கட்டி, ஏழைகளுக்கு என்று சொல்லும்போது எனக்கு அந்த வகுப்பறைதான் நினைவுக்கு வந்துவிடுகிறது.

சரி, சேலைக்கு வருகிறேன். அம்மாவின் கூறைப்புடவை அரக்கு நிறம், மாம்பழ மஞ்சளில் அகலக் கரை. கல்யாணத்தன்று தாலியோடு சேர்த்துக் கோயில் சாமியார் மந்திரித்துக் கொடுத்தது. பீரோவைத் திறந்தால் அந்துருண்டை வாசனையோடு அதுதான் முதலில் கண்ணில் படும். முந்தியில் ஒரு சாம்பார்க் கறை இருந்தது. பந்தியில் அப்பா கைதவறிச் சிந்தியது என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். எங்கள் கோயிலில் திருவிழாவுக்கு மாதாவுக்குப் பட்டு உடுத்துவது வழக்கம். வேண்டிக்கொண்ட பெண்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். மாதா சபைப் பெண்கள் பீடத்தில் ஏறி நின்று சுற்றிக் கட்டுவார்கள். கொடியிறக்கம் முடிந்ததும் இறக்கி, யாராவது ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அந்த வருஷம் பார்த்து எங்கள் கோயில் பங்குச் செயலாளரின் மகன் படிப்பு முடித்து ஊருக்கு வந்தான். சென்னையில் டிசைன் படித்தவன். எங்கள் தெருப் பிள்ளைகள் அவனை அண்ணன் என்போம், அம்மா தம்பி என்பாள். சுரூபத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான், போட்டோ எடுத்தான், பிறகு பெண்களைக் கூப்பிட்டு மாதாவின் தோளைக் காட்டினான். தோளெல்லாம் பொத்தல். வருஷா வருஷம் சேலையை நிற்கவைக்க ஊக்கு குத்தினார்கள், ஊக்கு இறங்காத இடத்தில் குண்டூசி, அதுவும் நிற்காத இடத்தில் சின்ன ஆணி.

"இது மரம். வெளிநாட்டுலேருந்து கப்பல்ல வந்தது. நீங்க பக்தின்னு ஆணி அடிக்கிறீங்க" என்றான்.

அவன் சொன்னது சரிதான். எனக்கு இன்றைக்கும் எரிச்சல் அதுதான். அவன் வெறும் கிறுக்கனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அந்தப் பொத்தல்களைப் பார்த்து எங்கள் அம்மாவே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பங்குச் சாமியார் புதிதாக வந்தவர், சண்டை என்றாலே ஆகாது. இனிமேல் ஆணியும் கூடாது, ஊக்கும் கூடாது என்று சொல்லிவிட்டார். ஊக்கு இல்லாமல் சேலை எப்படி நிற்கும்? பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா, "தைச்சிடலாம் ஃபாதர். பின்னால கொக்கி வச்சு மாட்டுற மாதிரி. மரத்துல ஒரு ஊசி கூடப் படாது" என்றாள். அண்ணன்கூடத் தலையாட்டினான்.

தைப்பதென்றால் வெட்ட வேண்டும். வெட்டினால் அந்தச் சேலை அப்புறம் எந்தக் கல்யாணத்துக்கும் ஆகாது, மாதாவுக்கு மட்டும்தான் ஆகும். அது தெரிந்துதான் அம்மா சொன்னாள்.

எங்கள் அத்தை, அப்பாவின் அக்கா, சிதம்பரத்தில் டெய்லர். கீழவீதிக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே ஓர் அறை. தைப்பதெல்லாம் நாட்டிய டிரஸ்தான். வேதக்காரி, அதுதான் கிறிஸ்தவப் பெண், தைத்த டிரஸ்ஸைப் போட்டுக்கொண்டு அம்பலத்தான் முன்னால் எத்தனையோ பெண்கள் ஆடியிருக்கிறார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. நாங்கள் போனது நாட்டியாஞ்சலி நெருங்கிய நேரம். பஸ்ஸில் அம்மா சேலைப் பையை மேலே வைக்கவில்லை, மடியிலேயே வைத்திருந்தாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தபோது ஓர் ஆட்டோக்காரர், "கோயிலுக்காம்மா" என்று கேட்டார். அம்மா "ஆமா" என்றாள், பிறகு "இல்லீங்க" என்றாள்.

அத்தையின் அறையில் காலெடுத்து வைக்க இடமில்லை. தரையெல்லாம் பட்டு நறுக்கு, இஸ்திரிப் பெட்டியின் சூட்டு வாசனை. பெங்களூரிலிருந்து வந்த ஓர் அம்மாவும் பெண்ணும் உட்கார்ந்துகொண்டு, டிரஸ் சுத்தமான பாரம்பரியமாக இருக்க வேண்டும் என்று இங்கிலீஷும் தமிழும் கலந்து அத்தையை வறுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் படியிறங்கிப் போனதும் அத்தை வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுத்தாள்.

"முன்னல்லாம் சேலையத்தான் சுத்திக் கட்டிக்கிட்டு ஆடுனாங்களாம். அவசரத்துக்கு மாட்டிக்க லேசா இருக்கும்னு எவனோ ஒரு டெய்லர் தைச்சான். இப்ப அதுதான் ஆதியிலேருந்து வந்ததுங்கிறாங்க. நமக்கென்னா, கூலி வந்தா சரி. நீ என்னா கொண்டாந்த?"

அம்மா பையைத் திறந்தாள். அத்தைக்கு முகம் மாறிவிட்டது.

"கூறைப்புடவையா? இதப் போயி வெட்டச் சொல்ற, உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? எந் தம்பிக்குத் தெரியுமா?"

"அவருக்குத் தெரிய வேணாம் அண்ணி. வெட்டுங்க."

"என்னா வேண்டுதல்?"

"அதச் சொல்லக் கூடாது."

அளவுக்கு என்னைத்தான் நிற்கவைத்தார்கள். மாதா அப்போது என் உயரம்தான். இடது கையில் குழந்தையை வைத்திருப்பதுபோல ஒரு தலையணையை இடுக்கிக்கொண்டு, வலது கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அத்தை கத்தரியைக் கரையில் வைத்தாள், எடுத்தாள், சிலுவை போட்டாள், மறுபடியும் வைத்தாள். பழைய பட்டு வெட்டுப்படும் சத்தம் கேட்டிருக்கிறீர்களா? மொறுமொறுவென்று இருக்கும். அம்மா சாம்பார்க் கறை எந்தப் பக்கம் போகிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது உள்பக்கம் போயிடும், வெளிய தெரியாது" என்று அத்தை சொன்னதும், "வெளியவே தெரியட்டும் அண்ணி" என்றாள்.

அத்தைக்கு அந்த சீசனில் வேலை ஜாஸ்தி. நாட்டியாஞ்சலி முடிந்தால் பள்ளிக்கூட ஆண்டு விழா, அது முடிந்தால் அரங்கேற்றம் என்று இழுத்தடித்தாள். கடைசியில் கோடை விடுமுறையில் எங்கள் திருவிழாக் கொடியேற்றத்தன்று காலை தானே பஸ் ஏறி, நேராகக் கோயிலுக்கு வந்து இறங்கினாள். அம்மாவுக்குப் பிரித்துப் பார்க்கக்கூட நேரமில்லை. மாதா சபைத் தலைவி வாங்கிக்கொண்டு பீடத்தில் ஏறினாள். சாமியார், செயலாளர் மகன், பெண்கள் எல்லோரும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தோம்.

தோளில் கச்சிதமாக உட்கார்ந்தது. கொக்கிகள் ஒவ்வொன்றாக மாட்டின. ஓர் ஊசிகூடத் தேவைப்படவில்லை. முந்தி பின்னால் இறங்கியது, கறையோடு. அம்மா என் கையை நெரித்துக்கொண்டிருந்தாள். தலைவி முன்பக்க மடிப்பை நீவிவிட்டாள். அப்போது விரிந்தது. இடுப்பிலிருந்து முழங்கால்வரை, மஞ்சள் கரை அடுக்கடுக்காக, அழகான விசிறி. நாட்டியக்காரிகள் அரைமண்டியில் உட்காரும்போது முன்னால் விரியுமே, அதே விசிறி.

 பின்னாலிருந்து யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

"என்னாடி இது, மாதா ஆடப் போறாங்களா?" என்றாள் தலைவி.

அத்தை நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயையோ, கைப்பழக்கம். வருசம் பூராவும் இதையே தைச்சுத் தைச்சு கை தானா போயிடுச்சி. குடுங்க, பிரிச்சுடறேன். சின்ன வேல."

செயலாளர் மகன் சிரிக்கவில்லை. அவன் நிஜமாகவே வேதனைப்பட்டான், அதையும் சொல்ல வேண்டும். "இதுக்குத்தான் ஃபாதர் சொன்னேன். மாதாவுக்குச் செதுக்கின கவுன் இருக்கு. அதுல மடிப்பு மடிப்பா எவ்ளோ வேலைப்பாடு. அதுதான் ஒரிஜினல், அதுதான் நம்ம ஹெரிட்டேஜ். மேல என்னத்தப் போட்டாலும் மூடி மறைக்கிறதுதான். டிசைனே கெட்டுப் போவுது."

"விசிறியப் பிரிச்சுட்டா சரியாப் போயிடும் தம்பி" என்றாள் அம்மா.

"ஆன்ட்டி, விசிறி பிரச்சினை இல்ல."

சாமியார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "இந்த வருஷம் சேலை வேணாம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். கொக்கிகளைக் கழற்றி இறக்கினார்கள். கொடியேற்றம்வரைகூட அது மாதாவின் மேல் இருக்கவில்லை, அம்மா கணக்கில் உடுத்தினதாகவே ஆகாது. கொடுத்தது கொடுத்ததுதான் என்று அதைப் பூசைச் சாமான் அறையில் கொண்டுபோய் வைத்தார்கள். அத்தை வழியெல்லாம் தலையில் அடித்துக்கொண்டாள். அம்மா அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அப்பா காதுக்கு மட்டும் போகவேண்டாம் என்றாள்.

அந்தக் கவுனைப் பற்றி எனக்கு ஒரு கேள்வி உண்டு. மாதா பிறந்தது எந்த ஊர், செதுக்கியவன் எந்த ஊர்? தன் ஊர்ப் பணக்காரப் பெண்கள் அன்றைக்கு என்ன உடுத்தினார்களோ, அதைத்தானே அவன் மாதாவுக்கும் போட்டுவிட்டான்? அம்மா செய்ததும் அதேதான், தன் ஊரில் மணப்பெண் உடுத்துவதை உடுத்தப் பார்த்தாள். அவன் செய்தால் ஒரிஜினல், இவள் செய்தால் மூடி மறைப்பது. உளி பிடித்தவனுக்கு ஒரு நியாயம், ஊசி பிடித்தவளுக்கு ஒரு நியாயம். இதை அன்றைக்கே கேட்க எனக்கு வயதில்லை, கேட்க வயது வந்தபோது யாரும் பதில் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் மாதாவின் மேல் பூசியிருந்த பெயின்டை எல்லாம் சுரண்டினார்கள். அடியில் நீலம், நீலத்தில் பொடிப் பொடியாகத் தங்கப் பூ. பார்க்க அழகாகத்தான் இருந்தது. தூசு படக்கூடாது, கை படக்கூடாது என்று சுற்றிலும் கண்ணாடி போட்டுவிட்டார்கள். சேலைப் பேச்சு அதோடு நின்றது. கையெட்டும் தூரத்தில் இருந்தவளைக் கண்ணாடிக்கு வெளியே நின்று கும்பிடப் பழகிக்கொண்டோம்.

எங்கள் வீட்டில்தான் அது நிற்கவில்லை. அம்மா பட்டைத் தொடவில்லை. சித்தப்பா கல்யாணம் வந்தது, சேத்தியாத்தோப்பில் தடபுடலாக. மாப்பிள்ளைக்கு அண்ணி முறை, முன்னால் நிற்க வேண்டியவள், சாதா நூல் சேலையில் வந்து நின்றாள். அப்பா மண்டபத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் கத்தினார்.

"என் மானத்த வாங்கணும்னே கட்டிக்கிட்டு வந்தியா? பொண்டாட்டிக்கு ஒரு பட்டு எடுத்துத் தர வக்கில்லாதவன்னு பேசுறானுங்க. உன் கூறைப்புடவ எங்க?"

"கோயிலுக்குக் குடுத்துட்டேன்."

"எதுக்கு?"

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பந்திப் பக்கம் போய்விட்டாள். அப்பாவுக்கு அது அழுத்தமாகப் பட்டது. தீபாவளிச் சீட்டுப் பணத்தில் அவரே ஒரு பட்டு எடுத்துவந்து கொடுத்தார். அம்மா அதைப் பிரிக்காமல் பீரோவில் வைத்துவிட்டாள். அன்றிலிருந்து அப்பா எங்களோடு எந்த விசேஷத்துக்கும் சேர்ந்து வருவதை விட்டுவிட்டார். முன்னால் போவார், இல்லையென்றால் பின்னால் வருவார். எனக்கு வாய் துறுதுறுக்கும். சொன்னால் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் வேறு. நான் அடக்கிக்கொண்டு இருந்தேன்.

2012. கோயிலுக்கு விழா ஆண்டு என்று பங்கு மண்டபத்தில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். வைத்தது அதே செயலாளர் மகன்தான். இப்போது தாடி, கைத்தறிக் குர்தா. சென்னையில் பெரிய துணிக்கடைகளுக்கு டிசைன் செய்து கொடுக்கிறானாம். பழைய பூசைப் பாத்திரம், பழைய போட்டோ, பழைய மணி எல்லாம் வரிசையாக இருந்தன. நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் தலையில்லாத ஒரு பொம்மைக்கு மாட்டி, கீழிருந்து விளக்கு போட்டு, எங்கள் அம்மாவின் சேலை.

வெளியூரிலிருந்து வந்த ஒரு கூட்டத்துக்கு அவன் விளக்கிக்கொண்டிருந்தான். "இந்த விசிறி மடிப்பப் பாருங்க. பரதநாட்டியமும் கிறிஸ்தவ பக்தியும் ஒண்ணாச் சேர்ந்த அபூர்வமான டிசைன். நம்ம மக்களோட ஹெரிட்டேஜ்." அவர்கள் ஆகா ஆகா என்று போட்டோ எடுத்தார்கள். எனக்குக் காதிலிருந்து புகை வந்தது. கைதவறித் தைத்தது, சிரித்துக் கழற்றியது, இப்போது அபூர்வம்.

கூட்டத்தில் ஒரு பெண், "இத மாதாவுக்கு வருஷா வருஷம் உடுத்துவாங்களா?" என்று கேட்டாள்.

"முன்னாடி எல்லாம் உடுத்திருக்காங்க" என்றான்.

"உடுத்தல தம்பி" என்றாள் அம்மா.

அவன் திரும்பினான். அடையாளம் தெரிந்து சிரித்தான். "ஆன்ட்டி, நீங்களா. பாத்தீங்களா, உங்க சேலைக்கு எவ்ளோ பெரிய எடம் கெடச்சிருக்கு. எல்லாரும் வந்து பாக்குறாங்க."

"எல்லாரும் பாக்கவா குடுத்தேன்? அவ உடுத்தணும்னு குடுத்தேன். கடல் உள்ள வந்த அன்னிக்கி இவருக்காக வேண்டிக்கிட்டது. உடுத்தவும் இல்ல, நேர்த்தி தீரவும் இல்ல."

அப்போதுதான் பார்த்தேன், வழக்கம்போல நாலடி தள்ளிப் பின்னால் அப்பா நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் என்னென்னவோ ஓடியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, பெட்டியின் பூட்டைத் தொட்டார்.

"தம்பி, இதத் தொறங்க. கொஞ்ச நேரந்தான். அங்க கொண்டுபோயி மாட்டிட்டுத் திருப்பிக் குடுத்துடறோம்."

"அங்கிள், இதக் கையில எடுக்கவே கூடாது. துணி இத்துப் போயிருக்கு. அதோட சுரூபமும் இப்ப கண்ணாடிக்குள்ள."

யாரையும் நிமிர்ந்து பேசி அதட்டுகிற அப்பா, அந்தப் பையனிடம் இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு நின்றார். மண்டபத்து ஜன்னல் வழியே பார்த்தால் கோயில் வாசல் தெரியும். மாதா அங்கே ஒரு கண்ணாடிக்குள், சேலை இங்கே ஒரு கண்ணாடிக்குள். இதற்குப் பெயர் பாதுகாப்பு. எடுத்து உடைக்க வேண்டும்போல இருந்தது எனக்கு. அம்மாதான் அப்பாவின் முழங்கையைப் பிடித்து, "வுடுங்க, வாங்க போவலாம்" என்றாள்.

அப்பா வண்டியை எடுக்கவில்லை, தள்ளிக்கொண்டே நடந்தார். நாங்கள் இரண்டு பக்கமும் நடந்தோம். பாலம் தாண்டியபிறகு கேட்டார்.

"எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா பலிக்காதும்பாங்க."

"பலிச்சுத்தான் இத்தினி வருசமா உன் எதிர்ல உக்காந்து திங்குறனே."

அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. 

கண்காட்சி முடிந்து அந்தப் பெட்டி வேறு ஏதோ ஊருக்குக் கண்காட்சிக்குப் போனது என்றார்கள். திரும்பி வந்ததாகத் தெரியவில்லை. கேட்டால் ஆளுக்கொரு கை காட்டுகிறார்கள்.

பிறகு சில வருஷம் கழித்து என் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார், தங்கள் பக்கத்துப் பாரம்பரியம் என்று சொல்லி, பெண்ணின் அம்மாவுக்குப் பட்டுச் சேலையும் அப்பாவுக்குப் பட்டு வேட்டி சட்டையும் தாம்பாளத்தில் வைத்து அனுப்பினார்கள். அம்மா சேலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓரமாக வைத்தாள். வெளுத்த பச்சையில் ஒரு நூல் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். கோயில் வாசலில் சம்பந்திகள் கிசுகிசுக்க ஆரம்பித்தார்கள். எனக்கு அங்கேயே ஒரு பாட்டம் கத்தலாம்போல இருந்தது.

அப்பா வந்தார். ஐஸ் கம்பெனிக்குக் கட்டிக்கொண்டு போகிற நாலு முழ வேட்டி, துவைத்து இஸ்திரி போட்டது. மேலே சாதாரண வெள்ளைச் சட்டை. சம்பந்தி, "என்னா மச்சான், நாங்க எடுத்த பட்டு புடிக்கலியா?" என்று கேட்டார்.

"எங்க வூட்ல இன்னும் ஒருத்தி உடுத்தல மச்சான். அவ உடுத்துனதும் நாங்களும் கட்டிக்குவோம்" என்று சொல்லிவிட்டு, அப்பா போய் அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டார்.